மிமாலேண்டுக்குப் போன பஸ்

"மாமா, இது எங்கன்னு சொல்லுங்க பாப்போம்" என்று தங்கை மகன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். தீபாவளிக்கு மறுநாள் அது. முறுக்கு டின்கள் பாதி காலியாகியிருந்தன. திரையில் நான்கு இளைஞர்கள் டார்ச்லைட்டோடு புதருக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். படிக்கட்டுகள், வேர் பிளந்த சிமெண்டுத் தரை, ஒரு பெரிய வெற்றுத் தொட்டி, அதன் அடியில் மழைத்தண்ணீரும் அழுகிய இலைகளும். பின்னணியில் ஒரு பெண் முனகுவது மாதிரி ஓர் ஓசையைச் சேர்த்திருந்தார்கள்.

"மிமாலேண்ட்" என்றேன்.

"அங்க பேய் இருக்காம்."

"இருந்தாலும் இருக்கும்லா. ஆனா நாங்க ஒரு பஸ்ஸு நெறைய போனோம். எல்லாரும் முழுசாத்தான் திரும்பி வந்தோம்."

அவனுக்குப் பேய் ஆச்சரியமாக இல்லை. "தோட்டத்துல இருந்தவங்க தீம் பார்க்கெல்லாம் போவீங்களா?" என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. இருபது வயதுப் பையன். குருபோங்கில் தரை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவன். நான் கொடுத்த சில நாவல்களையும் படித்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த தோட்டத்தில் கங்காணி இருக்கிறார், கள்ளுக்கடை இருக்கிறது, ஒழுகுகிற லயம் இருக்கிறது. ஒரு பஸ் பிடித்து, டிக்கெட் வாங்கி, தண்ணீரில் இறங்கிக் கும்மாளம் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அந்தத் தோட்டத்தை அவனுக்குக் கட்டிக்கொடுத்தது யார்? எழுதுகிற நாம்தான். அன்றிலிருந்து இது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கோலாலம்பூரிலிருந்து பெந்தோங்குக்குப் போகும் பழைய மலைச்சாலையில், உலு கோம்பாக்கில், சுமார் 300 ஏக்கர் காட்டுச்சரிவில் 1970களில் திறக்கப்பட்டது மிமாலேண்ட். 'மலேசியா இன் மினியேச்சர் லேண்ட்' என்பதன் சுருக்கம் அது. படகு விடுகிற, தூண்டில் போடுகிற ஏரி ஒன்று. அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய நீச்சல் குளம். சறுக்குகள், தங்கும் குடில்கள், காட்டுக்குள் நடைபாதை. எல்லாருக்கும் நினைவில் நிற்பது உண்மை அளவில் செய்து வைத்திருந்த டைனசோர்கள். 1994-இல் மூடினார்கள். அதற்குப் பிறகு காடு மெல்ல மெல்லத் தன் இடத்தை எடுத்துக்கொண்டது.

நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. அது முழுக்கச் சரியல்ல. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கில் பிபி பார்க் இருந்தது. சிங்கப்பூரில் 1923-லேயே நியூ வேர்ல்டு வந்துவிட்டது. ஆனால் அவையெல்லாம் ராத்திரிப் பூங்காக்கள். ஜோகெட் மேடை, குத்துச்சண்டை, சினிமாக் கொட்டகை, பீர். பிபி பார்க்கில் ரோஸ் சான் ஆடியதைப் பற்றிப் பேச்செடுத்தால் பல்லில்லாத வாயோடு சிரிக்கிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் மனைவிமார் ஒருவருக்கும் பிபி பார்க் எப்படியிருக்கும் என்று தெரியாது. சம்பளம் வாங்கின ஆம்பிளை தனியாகப் போய் வருகிற இடம் அது. 1972-இல் அதை மூடினார்கள். இன்று அங்கே சுங்கை வாங் பிளாசா நிற்கிறது. அதற்குப் பின் வந்த மிமாலேண்ட் பகல் பூங்கா. பாட்டி, பேத்தி, கைக்குழந்தை, சோற்றுப்பானை எல்லாம் உள்ளே போகலாம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். தோட்டத்துப் பெண்களைப் பொறுத்தவரை அதுதான் எல்லாமே.

பேய்க்கதைக்கு வருவோம். இந்தக் காணொளிகள் மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளைகளுக்கு ராத்திரியில் பயந்து சிரிக்க ஓர் இடம் வேண்டும். என் பிரச்சினை வேறு. பேயைச் சொல்லிவிட்டால் வேறு எதையும் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. மிமாலேண்ட் ஏன் செத்தது? 1993-இல் சன்வே லகூன் திறந்தது. பழைய ஈய லம்பக் குட்டையின் மேல், பட்டணத்தின் மடியிலேயே, பின்னால் பேரங்காடியும் சேர்ந்துகொண்டது. மலைச்சாலையில் வளைந்து வளைந்து கோம்பாக்குக்கு யார் போவார்கள்? அதே 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். மலைச்சரிவு என்றாலே நாடு பயந்த காலம் அது. மிமாலேண்டிலும் 90களின் தொடக்கத்தில் ஓர் உயிர்ப்பலி நடந்திருந்தது. மண்சரிவு அச்சமும் சேர்ந்துகொண்டது. மூடிய மறு வருடம், 1995 ஜூன் 30-ஆம் தேதி, கொஞ்சம் மேலே கெந்திங் செம்பாவில் மண் சரிந்து 20 பேர் போனார்கள். மழை, சரிவு, வடிகால், பராமரிப்புக்குப் பணம் போடுவது, போடாமல் விடுவது. இவற்றைப் பேச ஆள் வேண்டும், படிப்பு வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். பேய்க்கு இதெதுவும் வேண்டாம். பேய் இலவசம்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டுப் பேய்க்கதைகளில் காடு எப்போதும் குற்றவாளி. 'காட்டைத் தொட்டான், காடு பழிவாங்கியது' என்பார்கள். உலு கோம்பாக் ஆளில்லாத காடு அல்ல. ஓராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். அவர்களுக்கான மருத்துவமனையே கோம்பாக்கில்தான் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையமும் அங்கேதான். பேயைத் தேடி டார்ச்லைட்டோடு போகிறவர்கள் அந்த மக்களின் வீட்டு விளக்குகளைக் கடந்துதான் போகிறார்கள். அந்த விளக்குகளைக் கேமரா காட்டுவதில்லை.

சரி, அது இளைஞர்களின் கதை. நம் கதைக்கு வருகிறேன்.

கா. பெருமாளின் 'துயரப் பாதை'யிலிருந்து சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' வரை மலேசியத் தமிழ் நாவலில் தோட்டம் என்பது துயரத்தின் நிலம். ஆ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலை எழுதினார். தமிழகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இவர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. எழுதப்படாமல் கிடந்த ஒன்றை முதலில் எழுதுகிறவனுக்கு வலியைத் தவிர வேறு எதைப் பார்க்க நேரம்? அவர்கள் செய்தது சாட்சியம்.

பின்னால் வந்தவர்களிடம்தான் எனக்கு வழக்கு. அவர்களில் நானும் ஒருவன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு முதல்கட்ட வாசிப்பு செய்யச் சொல்லிக் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் தோட்டக் கதைகள். எழுதியவர்களில் பலர் தோட்டத்தில் ஒரு நாளும் இருந்திராதவர்கள் என்பது வாசிக்கும்போதே தெரிந்தது. மங்கில் பால் ஊற்றுகிறவர்கள். பிரட்டு சாயங்காலம் நடக்கிறது என்கிறவர்கள். அது கூடப் பரவாயில்லை. எல்லாக் கதையிலும் ஒரே வரிசை: விடியலில் பால்மரம், கங்காணியின் கெட்ட பார்வை, கள்ளுக்கடை வாசலில் அப்பா, மாரியம்மன் கோயில் வேப்பமரம், படிப்பை நிறுத்தின பிள்ளை, கடைசியில் புல்லுக்கு அடிக்கிற விஷமருந்து. வாசகன் ஒரு வண்டியில் ஏறி உட்காருகிறான். இடப்பக்கம் கங்காணி பொம்மை எழுந்து உறுமுகிறது. வலப்பக்கம் அம்மா பொம்மை அழுகிறது. சுரங்கத்துக்குள் இருட்டு. வெளியே வந்ததும் வண்டி நிற்கிறது. இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகலாம். மிமாலேண்ட் மூடி முப்பது வருடம் ஆகிறது. நம்முடைய இந்தப் பூங்கா மட்டும் விடுமுறையே இல்லாமல் திறந்திருக்கிறது.

இதைச் சொன்னால் ஒரு நண்பர் கோபப்படுகிறார். "அப்போ தோட்டத்துல எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்கன்னு எழுதச் சொல்றீங்களா? வெள்ளைக்காரத் தொர சந்தோஷப்படுவான்." நியாயமான கோபம். கூலி தினக்கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் காசும் இல்லை. இது தெரியாமல் நான் பேசவில்லை. ஆனால் சந்தோஷத்தை விட்டுவிட்டு எழுதினால் துயரத்தின் கணக்கும் தப்பாகிவிடும் என்பது என் கட்சி. ஒரு நாள் தண்ணீரில் இறங்குவதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரியாமல் அவர்களின் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களின் எடை எப்படித் தெரியும்?

நாங்கள் போனது 1983-இல். எனக்கு ஒன்பது வயது. குருபோங் பக்கத்தில், இன்று வீடமைப்பும் தொழிற்பேட்டையும் நெருக்கியடித்து நிற்கிற நிலத்தில், அப்போது பால்மரம் நின்றது. ஒரு வருடம் முன்பிருந்தே ஏற்பாடு. குடும்பத்துக்கு மாதம் இரண்டு வெள்ளி. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற பெரியம்மா ஒருவர்தான் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்குச் சேவல். கோழி வளர்த்தது நாங்கள்தான் என்பதால். எதிர் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஊன்றுகோல்; அந்தத் தாத்தா எங்கும் வரப்போவதில்லை, ஆனாலும் மாதா மாதம் இரண்டு வெள்ளி கட்டினார். "பேரப்பிள்ளைங்க போவட்டும்" என்றாராம். நடுவில் நான்கைந்து குடும்பங்கள் கட்ட முடியாமல் விலகின. அவர்களில் ஒரு வீட்டுக்காரர் கடைசி வாரத்தில் வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். அந்தக் கடன் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு சுற்றுலாவுக்காகக் கடன் வாங்கின அந்த மனிதரைப் பற்றி நான் ஒரு கதையும் படித்ததில்லை. தாலியை அடகு வைத்துக் குடித்தவரைப் பற்றி முப்பது கதை படித்திருக்கிறேன்.

இலை உதிர்கிற காலம், பால் குறைந்த மாதம். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடிகாலை மூன்று மணிக்குப் பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து நின்றது. அலோர் காஜா, ரெம்பாவ், சிரம்பான் என்று பழைய ரோட்டில் பயணம். முதலில் பத்துமலை. அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. சாமியைப் பார்க்காமல் சறுக்கு விளையாடினால் பஸ் டயர் வெடிக்கும் என்று மூத்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கோழிச் சம்பால் பாத்திரத்தை வெள்ளைத் துணி போட்டுக் கட்டி, பின் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். மலை இறங்குகிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது. மணம் மட்டும் பஸ் முழுக்க. படியேறும்போது முருகனை நினைத்தவர்கள் எத்தனை பேரோ, கோழியை நினைத்தவர்கள் எத்தனை பேரோ!

பத்துமலையிலிருந்து மிமாலேண்ட் தூரமில்லை. டிக்கெட் கொடுக்கிற இடத்தில் பாட்டி சுருக்குப் பையை அவிழ்த்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சிவப்பு அட்டை.

இதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு அட்டை நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை என்பவர்களுக்கு. 1957-க்குப் பிறகு பாரம் நிரப்பாமல், பிறந்த சூராவைக் காட்ட முடியாமல், 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று விட்டுவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அந்த நெருக்கடியில் சுமார் 60,000 பேர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. பாட்டியின் கூடப்பிறந்த தம்பி அதில் ஒருவர். அதற்குப் பின் பாட்டி தோட்டத்தைவிட்டு எங்கே போனாலும், சன்னாசிமலைத் திருவிழாவுக்கு செங் வரை போனாலும்கூட, அந்த அட்டை இடுப்பில் இருக்கும். யாராவது கேட்பார்கள் என்று எந்நேரமும் காத்திருந்தார்.

டிக்கெட் கொடுத்தவர் தலைகளை எண்ணினார், காசை எண்ணினார், கிழித்துக் கொடுத்தார். பாட்டி அட்டையை நீட்டியபடியே நின்றார். அப்பா சொன்னார்: "இங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. காசு குடுத்தா போதும்."

பல வருடங்கள் இந்த வாக்கியத்தை நான் விடுதலை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். 'மலேசியாவின் சிறு வடிவம்' என்று பெயர் வைத்த இடம், பெரிய மலேசியா கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை. மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், நாங்கள், எல்லாரும் ஒரே தண்ணீரில். இப்போது யோசித்தால் அப்பா சொன்னதில் இன்னொரு பக்கமும் கேட்கிறது. காசு கொடுத்தால் போதும், கொடுக்காவிட்டால்? மாதம் இரண்டு வெள்ளியைக் கட்ட முடியாமல் விலகின குடும்பங்களுக்கு அட்டை நீலமாக இருந்தும் உள்ளே இடமில்லை. சந்தை நிறம் பார்ப்பதில்லை என்று பெருமைப்படுகிறவர்கள் அது வேறு எதைப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த ஒரு நாள் மதியம் பாட்டி அட்டையைத் திரும்பச் சுருக்குப் பைக்குள் போட்டு முடிச்சை இறுக்கிய விதம் எனக்கு மறக்கவில்லை. ஏதோ சில்லறையைப் போடுகிற மாதிரி போட்டார்.

குளத்தைப் பார்த்ததும் பெண்கள் ஓரமாக நின்றுவிட்டார்கள். தோட்டத்தில் தண்ணீர் என்றால் இரண்டே வகை. ஒன்று வேலைக்கான தண்ணீர்: குழாயடியில் வரிசை, துணி, மாட்டுக்கொட்டகை, பால் வாளி கழுவுவது. இன்னொன்று ஆளைக் கொல்கிற தண்ணீர்: பழைய லம்பக் குட்டை, மழைநாளில் பெரிய கான். "தண்ணிப் பக்கம் போனா கால ஒடிப்பேன்" என்பது எங்கள் அம்மாக்களின் தாலாட்டு. வேலையும் இல்லாமல், சாவும் இல்லாமல், சும்மா இருப்பதற்கென்றே இவ்வளவு தண்ணீரை யாரோ நிறைத்து வைத்திருப்பது அவர்களுக்குப் புரியவில்லை. முதலில் இறங்கியது ஆயாக்கொட்டகைப் பெரியம்மாதான். கைலியை மார்புக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, கோயில் குளத்தில் இறங்குவது போல மூன்று முறை முங்கி எழுந்தார். பிறகுதான் மற்றவர்கள். அம்மா இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றார். மலைத்தண்ணீர், சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்து, ஊறிச் சுருங்கிய விரல்களைப் பார்த்து, "வேல செய்யாமலே கை இப்படி ஆயிருச்சே" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த வாக்கியத்தை எழுத ஒரு நாவலாசிரியன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். துணி துவைக்கிற கை தெரிய வேண்டும். பால் வாடை விரலில் எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரிய வேண்டும். சிரிப்பும் தெரிய வேண்டும். துயரத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பவனால் இதை எழுத முடியாது.

ஏரிக்கரையில் பாட்டி காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெற்றிலை மென்றார். அப்பாவும் சித்தப்பாவும் படகு எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் துடுப்புப் போடத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் மொத்தத் தோட்டமும் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. டைனசோர்களைப் பார்த்துப் பாட்டி, "இதெல்லாம் இந்த ஊர்லயா இருந்திச்சி?" என்று கேட்டார். கிராணியார் மகன், இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன், "இல்ல பாட்டி, அமெரிக்காவுல" என்றான். அன்றைய நிலவரத்துக்கு அவன் சொன்னது தப்பில்லை. மலேசிய மண்ணில் டைனசோர் தடயம் எதுவும் அதுவரை கிடைத்திருக்கவில்லை. 2014-இல்தான் பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். செய்தியைப் படித்தபோது, 'இந்த ஊர்லயும்தான் பாட்டி' என்று சொல்ல ஆள் இல்லை. இன்னொரு வேடிக்கை, 'ஜுராசிக் பார்க்' படம் வந்தது 1993-இல். உலகமே டைனசோருக்கு அலைந்த வருடத்துக்கு அடுத்த வருடம் நம்முடைய டைனசோர்களைக் காட்டுக்கு விட்டுவிட்டோம்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இரண்டு பேருக்கு அடிதடி. சம்சு பாட்டில் ஒன்று எப்படியோ வந்திருந்தது. நம் நாவல்களில் வருகிற ஆட்கள்தான், பொய்யில்லை. ஆனால் அவர்களில் ஒருவர்தான் மதியம் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்தில் நீந்தியவர். இரண்டும் ஒரே ஆள், ஒரே நாள். இதை எழுதிக்காட்ட முடியாமல்தான் நாம் பொம்மை செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து, 1986-இல், எங்களுக்குப் பக்கத்திலேயே ஆயர் குரோவில் மினி மலேசியா திறந்தார்கள். இது அரசாங்கத்தின் சிறு வடிவம். பதின்மூன்று மாநிலங்களுக்கும் ஒவ்வொரு பாரம்பரிய வீடு, உள்ளே உடைகள், பாத்திரங்கள். பள்ளியில் எங்களைக் கூட்டிப்போனார்கள். எல்லா வீட்டையும் சுற்றி முடித்ததும் என் வகுப்புப் பையன் ஒருவன், "சார், நம்ம வீடு எங்க சார்?" என்றான். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அதத்தான் தெனமும் பாக்கிறியேடா" என்றார். நாங்களும் சிரித்தோம். இன்று பார்க்கப் போனால் எங்கே பார்ப்பது?

லயத்தைப் பாரம்பரிய வீடு என்று சொல்லலாமா என்பது லேசான கேள்வி அல்ல. நெகிரி செம்பிலான் வீட்டைக் கட்டியவன் அதில் வாழ்ந்தவன். கூரையின் வளைவு அவனுடைய ரசனை. லயத்தைக் கட்டியது கம்பெனி. அதில் எங்கள் ரசனை என்று எதுவும் இல்லை. வாசலில் போட்ட கோலமும், பின்னால் வைத்த முருங்கையும், சுவரில் மாட்டிய எம்ஜிஆர் படமும்தான் எங்களுடையவை. மலாக்கா செட்டிகளுக்குக் காஜா பெராங்கில் கிராமம் இருக்கிறது, சின்னதாக ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. நூற்றாண்டுகளாக அவர்களுடையதாக இருந்த மண். தோட்டத்து ஆளுக்கு மண்ணே கிடையாது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆகவே 'மினி மலேசியாவில் ஒரு லயம் கட்டு' என்று நான் கோரிக்கை வைக்க மாட்டேன். கட்டினால் அதற்குள் ஒரு கங்காணி பொம்மையை நிறுத்துவார்கள். நம் ஆட்களே போய் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

பூங்காக்கள் வரும், போகும். 2007-இல் தித்திவாங்சா ஏரிக்கரையில் 60 மீட்டருக்கு மேல் உயரத்தில் 'ஐ ஆன் மலேசியா' ராட்டினம் வந்தது. அடுத்த வருடம் அதைக் கழற்றி எங்கள் மலாக்கா ஆற்றோரம் கொண்டுவந்து மாட்டினார்கள். 2010-இல் அதுவும் போய்விட்டது. அது நின்ற இடத்தைக் கடக்கும்போது யாரும் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. மிமாலேண்டுக்கு மட்டும் விடுகிறார்கள். காரணம் பூங்காவின் பெருமை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. பூங்கா மூடிய அதே வருடங்களில்தான் எங்கள் தோட்டங்களும் ஒவ்வொன்றாகத் துண்டாகி விற்றுப்போயின. கோயிலை மாற்றினார்கள், தமிழ்ப்பள்ளியை மாற்றினார்கள், லயத்தை உடைத்தார்கள். உடைத்த லயத்துக்கு இடிபாடுகூட மிஞ்சவில்லை; மறு வருடமே அங்கே சாலை போட்டாகிவிட்டது. இடிபாடாகவாவது மிஞ்சியது கோம்பாக்கில் அந்த வெற்றுத் தொட்டி ஒன்றுதான். அதனால்தான் அந்தக் காணொளியை நான் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். தங்கை மகன் நான் பேயைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். நான் பார்த்தது தொட்டியின் விளிம்பை. அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்ற மூலை எது என்று.

அந்தப் பயணத்துக்கு வராதவர்களில் பெரியப்பாவும் ஒருவர். பணம் கட்டியிருந்தார். ஆனால் தோட்டத்தில் எட்டு மாடுகள், எல்லாரும் போய்விட்டால் கறப்பது யார்? கடைசி நாள் அவர் இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் திரும்பியபோது நடுநிசி தாண்டிவிட்டது. மண்ரோட்டு முனையில் டார்ச்லைட்டோடு நின்றுகொண்டிருந்தார். தூங்கி விழுந்த என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். நான் ஒரு மிளகாய்ச் சாஸ் பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்து வந்திருந்தேன். வாசலில் இறக்கிவிட்டதும் அதை நீட்டினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் தடவிக்கொண்டார்.

"சில்லுன்னு இருந்திச்சாடா?"

"ரொம்ப பெரியப்பா."

"இப்ப சூடாயிருச்சி" என்றார். மீதியை மூடி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். படுத்தால் எழ முடியாது என்று அவர் படுக்கவே இல்லை.